எழுபத்தெட்டு கிலோ

உன் எடை என்ன என்று கேட்டேன்.
"எழுபத்தெட்டு" என்றான் வெந்தெலின்,
டான்யூபின் நீளத்தை
எட்டாம் வகுப்புக்குச் சொல்லும் அதே குரலில்.
கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதிக்கொண்டேன்.

ஐம்பத்துமூன்றாம் வருடத்து ஜாவா,
சிவப்பு. பிரேக் பெயருக்குத்தான்.
என் பின்னால் உட்கார
இருபத்தாறு வருடமாகப் பயம் அவனுக்கு.
எல்லா மலைகளின் உயரமும் தெரியும்,
வளைவில் என்னோடு சாயத் தெரியாது.
நான் இடம் சாய்ந்தால் அவன் வலம்.
அதனால்தான் சைடு கார்:
சாயவே வேண்டாத ஓர் இருக்கை.

மூடிய பள்ளியின் உடற்பயிற்சிக் கம்பங்கள் சட்டமாயின.
உடலுக்கு, டிசம்பரில் பன்றி அறுத்து
மயிர் களையும் துத்தநாகத் தொட்டி.
("என்னை இதிலா வேகவைக்கப் போகிறாய்?")
மூன்றாவது சக்கரம் இம்ரிச் தந்தது,
இரண்டு புட்டி பிளம் சாராயத்துக்கு.
ஒரு புட்டியை எனக்கே ஊற்றித் தீர்த்தான்.

டிராக்டர் ஆலையில் பத்தொன்பது வருடம்
பற்றவைத்தவள் நான்.
கஷ்டம் பற்றவைப்பில் இல்லை, கோணத்தில்.
எல்லாம் நேராக நின்றால் வண்டி நேராகப் போகாது.
மூன்றாவது சக்கரம் பைக்கின் பக்கம்
பதினைந்து மில்லிமீட்டர் திரும்பியிருக்க வேண்டும்,
பேச்சைக் கேட்பதுபோல்.
பைக் மறுபுறம் ஒரு பாகை விலகி நிற்க வேண்டும்,
பேசியதே தான் இல்லை என்பதுபோல்.
இரண்டு பலகை, மீன்பிடி நூல்,
மண்டியிட்டு நான்கு ஞாயிற்றுக்கிழமை.
தொட்டிக்குள் ஒரு சிமெண்ட் மூட்டை,
பெயிண்ட் டப்பாக்கள், ஒரு பட்டறைக்கல்.
கிராம் பிசகாமல் எழுபத்தெட்டு.
எல்லா வளைவும் சுற்றினோம்.
சிமெண்ட் ஒரு குறையும் சொல்லவில்லை.

வாகனச் சோதனையில் அதிகாரி கேட்டார்:
தயாரித்த ஆண்டு?
இந்த ஆண்டு.
தயாரிப்பாளர்?
நான்.
அந்தக் கட்டத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.

மே மாதம். வாஹ் ஆற்றோரம், மர ஆலை தாண்டி
வலது வளைவு. சிமெண்டோடு போன அதே வேகம்.
மூன்றாவது சக்கரம் தரையை விட்டது.
ஒரு சாண்.
மடியில் வரைபடம், மூக்கு நுனியில் கண்ணாடி,
"இதுவும் கணக்கில் உண்டா?" என்றான்.

வீட்டில் மறுபடி அளந்தேன். பதினைந்து. ஒரு பாகை.
நட்டுகள் இறுக்கம்.
நிமிரும்போதுதான் கண்ணில் பட்டது:
தோல் துளைக்கும் கருவி அதன் ஆணியில் இல்லை.
அவன் சட்டையை ஒதுக்கினேன்.
பெல்ட்டில் நான்கு புதுத் துளைகள்,
அளவெடுக்காமல் போட்டவை, கோணல்.

உருளைக்கிழங்குத் தராசில் நிறுத்தினேன்.
அறுபத்தாறு.
"எப்போதிலிருந்து?"
"குளிர்காலத்திலிருந்து."
"சொல்லியிருக்கலாம்."
"நீதான் கதவில் எழுதிவிட்டாயே."

செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரி.
பஸ் வேண்டாம் என்றான், தொட்டியிலேயே போகலாம் என்றான்.
பழைய டியூபைத் துண்டுபோட்டு, ஆற்றுமணல் அடைத்து,
இருமுனையும் கட்டி, துண்டுக்கு இரண்டு கிலோ,
இருக்கைக்கடியில் ஆறு வைத்தேன்.
ரத்தத் தொத்திறைச்சி என்று பெயரிட்டான்,
தொட்டிக்கு அதுதான் பொருத்தமாம்.
ஜூலையில் எட்டு.
ஆகஸ்டில் ஒன்பது.
நாங்கள் மணலைப் பற்றி மட்டுமே பேசினோம்.

அக்டோபரில் ஒருநாள் பாலம் ஏறும்போது
வண்டி வலப்பக்கம் இழுத்தது.
முடுக்க முடுக்க இழுத்தது.
மறுபடி பலகை, நூல், மண்டி.
பதினைந்து. ஒரு பாகை.
"தராசில் வந்து நில்!" என்று கத்தினேன்.
"ஒரு தொத்திறைச்சியை எடுத்துவிடு"
என்றது சமையலறை, வாய் நிறைய ரொட்டியோடு.

கட்டை அவிழ்த்து
கோழிக்கூண்டு வாசலில் கொட்டினேன்.
அங்கே உறைபனி வழுக்கத் தொடங்கியிருந்தது.
இன்னும் எட்டு இருக்கின்றன.
கதவில் அந்த எழுபத்தெட்டு அப்படியே.
பக்கத்தில், ஓர் ஆசிரியரின் கையெழுத்தில்,
சின்னதாக: தோராயமாக.